மாமியாரின் நோயைப் படித்து முடித்த மாப்பிள்ளை

ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் அதே வீட்டில் இன்னொருவர் நிபுணர் ஆகிவிடுவார். நோயாளி அல்ல. நோயாளிக்குப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவும் வரிசையில் நிற்கவும் பெயர் கூப்பிடும்போது எழுந்து போகவுமே நேரம் சரியாக இருக்கும். நிபுணர் ஆகிறவர் பெரும்பாலும் அண்ணன், மைத்துனர், மூத்த மகன், அல்லது வீட்டில் யாருடைய கைபேசிக்குத் திரை பெரியதோ அவர். இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரலால் திரையை மேலே தள்ளிக்கொண்டே உதட்டைப் பிதுக்கி "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"மில் ஒரு கெட்ட செய்தியும் இருக்கும், அதை நமக்குச் சொல்லாமல் தாமே சுமக்கும் பெருந்தன்மையும் இருக்கும்.

நோய்க்கு எத்தனை நிலைகள், எந்த நிலையில் நூற்றுக்கு எத்தனை பேர் ஐந்து வருடம் தாண்டுவார்கள், எந்த நாட்டில் எந்த எலிக்கு அது அடியோடு குணமானது, எந்தப் பழத்தின் கொட்டையை எத்தனை நாள் வெயிலில் வைத்து இடித்தால் மருந்து, எந்தக் காயைத் தொட்டால் விஷம் என்று அவருக்கு எல்லாம் தெரியும். நோயாளி நேற்று இரவு தூங்கினாளா என்பது மட்டும் தெரியாது. அதை யாரும் கைபேசியில் போடவில்லை.

அவருக்கென்று ஒரு வாக்கியம் உண்டு. "நான் படிச்சிட்டேன்." மருத்துவர் வாயைத் திறந்தால் அதைச் சொல்வார். மருத்துவர் வாயை மூடினாலும் அதைச் சொல்வார். பக்கத்துப் படுக்கைக்காரி வாந்தி எடுத்தாலும், வாளியை நகர்த்துவதற்கு முன்னால், அது ஏன் வருகிறது என்று தாம் படித்ததைச் சொல்வார்.

கம்பாலாவுக்கு வெளியே, கியெங்கெராவில் இருக்கும் மத்தாயோ கசோசி இந்த இனத்தில் நல்ல ஜாதி. தொழில் சுங்கத் தரகு. மொம்பாசா துறைமுகத்திலிருந்து கன்டெய்னரில் வரும் சாமான்களுக்குப் படிவம் நிரப்பி வெளியே எடுத்துக் கொடுப்பது. இருபது வருடமாகக் கட்டங்களில் "இல்லை", "இல்லை", "பொருந்தாது" என்று நிரப்பி நிரப்பி, எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் அவர் விரல் தானாகவே அந்தப் பக்கம் போகும். அறிவிக்க ஒன்றும் இல்லை என்றால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. அந்தத் தொழிலின் ஞானமே அவ்வளவுதான்.

அவருடைய மாமியார் தெயோபிஸ்தா நாலுபேகாவுக்கு அறுபத்தொரு வயது. மித்யானா பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் முப்பது வருடம் மேட்ரனாக இருந்து, நானூறு பெண்களின் பேனையும் படர்தாமரையையும் பொய்க் காய்ச்சலையும் பார்த்தவள். இடது மார்பில் கட்டி. மூன்றாம் நிலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், அதன்பிறகு அறுவை என்று கம்பாலா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மித்யானாவிலிருந்து ஒவ்வொரு தடவையும் வந்து போக முடியாது. மகள் பிரிஸ்கா வீட்டில்தான் தங்க வேண்டும்.

இங்கேதான் நிபுணருக்கு வந்தது சங்கடம். மாப்பிள்ளை மாமியாரைத் தொடக் கூடாது. அவள் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் தட்டு வைக்கக் கூடாது. ஒரு பொருளைக் கையோடு கை கொடுக்கக் கூடாது. தன் கூரைக்குக் கீழே அவளைப் படுக்க வைக்கவே கூடாது. மீறினால் இருவரில் யாருக்காவது கை கால் நடுக்கம் பிடிக்கும் என்பது பாகண்டா இனத்தில் குழந்தைக்கும் தெரியும். கசோசி படித்தவர்தான், ஆனால் நடுக்கம் வராது என்று யாரும் நிரூபித்து அவர் படித்ததில்லை. ஆகவே முற்றத்துக்கு அந்தப் பக்கம், தனிக் கூரையோடு இருந்த கோழித்தீவன அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, கட்டிலும் கொசுவலையும் போட்டுக் கொடுத்தார். தாராள மனசு. தீவன வாசனை போக மட்டும் ஒரு மாதம் ஆயிற்று.

மாமியாரோடு பேசாமல், அவளைப் பார்க்காமல், அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்காமல், அவள் நோயை எப்படிப் படிப்பது? நிபுணருக்கு இது ஒரு தடையே இல்லை. சொல்லப்போனால் வசதி. நோயாளி குறுக்கே பேசாத இடத்தில்தான் படிப்பு ஏறும்.

முற்றத்தின் இந்தப் பக்கம் படிப்பு, அந்தப் பக்கம் பத்தியம், நடுவில் ஓட்டம் பிரிஸ்காவுக்கு. சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்று ஒரு வெள்ளிக்கிழமை படித்தார். சனிக்கிழமை காலை தெயோபிஸ்தாவின் தேநீரில் சர்க்கரை இல்லை. ரத்தத்தின் புளிப்பை எலுமிச்சை முறிக்கும் என்று படித்தார். மருந்தால் வாயெல்லாம் வெந்து கிடந்தவளுக்கு மூன்று வேளை எலுமிச்சைச் சாறு வந்தது.

"இதை உன் வீட்டுக்காரரையே குடிக்கச் சொல்லு."

"அம்மா, அவர் நல்லதுக்குத்தானே சொல்றார்."

"நல்லதுக்குத்தான்டி. ஆனா வாய் என்னுது."

பிரிஸ்கா முற்றத்தைத் தாண்டி வந்து, அம்மா ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள் என்று சொன்னாள். இருபக்கமும் மரியாதை கெடாமல் செய்தி கொண்டுபோகிறவள் வேறு எப்படிச் சொல்வாள்?

முதல் தடவை மருந்து ஏற்றிய நாளில் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். தெயோபிஸ்தா உள்ளே ஊசியோடு படுத்திருந்தாள். பிரிஸ்கா மாத்திரை வாங்கும் ஜன்னலில் நின்றாள். வார்டு சிஸ்டர் வெளியே வந்து, "தெயோபிஸ்தா நாலுபேகா வீட்டு ஆள் யாருங்க? வீட்டுக்குப் போனா என்னென்ன கவனிக்கணும்னு சொல்லணும்" என்றாள். கசோசி எழுந்து நின்று, கைபேசியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டி, "நான் படிச்சிட்டேன் சிஸ்டர்" என்றார்.

சிஸ்டருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர். "ரொம்ப நல்லது" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அவள் சொல்ல இருந்தது இவ்வளவுதான். மருந்து ஏற்றி ஏழெட்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து கிடக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால், என்ன காய்ச்சல் என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. உடனே கிளம்பி வந்துவிட வேண்டும். சாயங்காலம் பார்க்கலாம் என்று விட்டவர்களில் சிலருக்குச் சாயங்காலம் வந்ததில்லை. ஒரு நிமிடத்துப் பேச்சு. நிபுணர் அந்த நிமிடத்தை மிச்சம் பிடித்துவிட்டார்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றி ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, வேகவைத்து மசித்த வாழைக்காயான மத்தோக்கேவைப் பிரிஸ்கா இலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. பின் அறையில் தெயோபிஸ்தாவுக்குக் குளிர ஆரம்பித்தது. முதலில் மழைக்குளிர் என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் பல் கிட்டித்தது. கட்டில் கால் தரையில் தடதடத்தது. பிரிஸ்கா வந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டரை.

"ஏங்க, அம்மாவுக்குக் காய்ச்சல்!"

கசோசி பதறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளி வைத்து, கைபேசியை எடுத்தார். அதில் ஓர் ஆப் வைத்திருந்தார். அது கேள்வி கேட்கும், நாம் பதில் சொல்ல வேண்டும், கடைசியில் என்ன நோய் என்றும் எவ்வளவு அவசரம் என்றும் சொல்லும். நல்ல ஆப். குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னால் சரியாகத்தான் சொல்லும்.

நோயாளியின் வயது என்ன? மாமியாரிடம் வயது கேட்பதா? தன் தாயின் வயதைப் போட்டு, மரியாதைக்காக அதில் இரண்டைக் குறைத்தார்.

நோயாளி கர்ப்பமாக இருக்கிறாரா? கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு "இல்லை"யைத் தொட்டார்.

தொண்டை வலி உண்டா? இதைக் கேட்கலாம். கதவருகே நின்ற பிரிஸ்காவிடம் சொன்னார். அவள் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடினாள்.

"அம்மா, தொண்டை வலிக்குதான்னு கேக்கறார்."

"வாயே புண்ணா கிடக்கு, தொண்டை தனியா வலிக்குமா? ஆமான்னு சொல்லு."

"கொஞ்சம் வலிக்குதாம்" என்றாள் பிரிஸ்கா, இந்தப் பக்கம் வந்து.

இருமல்? ஓட்டம். வயிற்றுப்போக்கு? இந்த வார்த்தையைப் பிரிஸ்கா எடுத்துப் போகவே இல்லை. வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து "இல்லையாம்" என்றாள். எட்டுத் தடவை போய் வந்தாள். மத்தோக்கே ஆறிக் கல்லானது.

பன்னிரண்டாவது கேள்வி: நோயாளிக்குப் புற்றுநோய்க்கான சிகிச்சை நடக்கிறதா?

கசோசி "ஆம்" என்று தொட்டார். இதைச் சொல்லியாக வேண்டும். முதலில் அவர் சரியாகத்தான் தொட்டார்.

திரை மாறியது. ஒரு பெண்ணின் உடல், முன்பக்கம், கோட்டுப்படமாக. துணி இல்லை. கீழே எழுதியிருந்தது: நோய் உள்ள இடத்தை விரலால் தொட்டுக் காட்டவும்.

நீங்களாக இருந்தால் தொட்டிருப்பீர்கள். அது படம்தானே என்பீர்கள். உங்கள் மாமியார் அப்போது முற்றத்துக்கு அந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கவில்லை. அந்தப் படத்துக்கு அவளுக்கென்று ஒரு வயதை நீங்களே கொடுத்திருக்கவில்லை. கசோசியின் கட்டைவிரல் கண்ணாடிக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றது. வியர்த்தது. பிரிஸ்காவைக் கூப்பிட்டுத் தொடச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவளிடம் எப்படிக் காட்டுவது? மனிதர் ஆப்பில் ஒரு பக்கம் பின்னால் போனார். அதே பன்னிரண்டாவது கேள்வி காத்திருந்தது. இருபது வருடத் தொழில் கைகொடுத்தது.

"இல்லை."

படம் வரவில்லை. திரையில் மஞ்சள் பட்டை வந்தது. மலேரியாவாக இருக்கலாம். ஒரு நாளுக்குள் பரிசோதனை செய்துகொள்ளவும். நிறையத் தண்ணீர் குடிக்கவும்.

"மலேரியாதான்!" என்றார் கசோசி, நல்ல செய்தி கொண்டுவந்தவர் முகத்தோடு. "அந்தப் பிரச்சினை இல்ல. நாளைக்குக் காலையில கிளினிக் போயிக்கலாம். இப்ப முக்குக் கடையில மாத்திரை வாங்கிக் குடு."

பிரிஸ்காவுக்கும் உயிர் வந்தது. மலேரியா எல்லாருக்கும் வருவதுதானே! அவளுக்கே வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறது. பின் அறைக்கு ஓடி, "அம்மா, பயப்படாதே, மலேரியாவாம். கைபேசியே சொல்லிடுச்சு" என்றாள்.

தெயோபிஸ்தா போர்வைக்குள்ளிருந்து பார்த்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது, ஆனால் பார்வை மேட்ரனுடையது. பரீட்சை நாள் காலையில் வயிற்றுவலி என்று வந்து நின்ற நூற்றுக்கணக்கான பெண்களைப் பார்த்த பார்வை.

"அதுகிட்ட என்ன சொன்னாராம்?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னார்."

"மருந்து ஏத்தி ஒன்பது நாள் ஆச்சுன்னு சொன்னாரா?"

சிகிச்சையைப் பற்றி ஒரு கேள்விக்கும் பிரிஸ்காவை ஓடவிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கைபேசியை எடுத்துட்டு வா."

"அம்மா, அது அவரோட..."

"என் காய்ச்சலை அதுக்குள்ள வெச்சிருக்கார். எடுத்துட்டு வா."

பிரிஸ்கா வந்து சொன்னபோது, மாமியார் கையில் தன் கைபேசியா என்று கசோசி திகைத்தார். பிறகு முறை தவறாமல் ஒரு வழி கண்டார். முற்றத்து நடுவில் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, அதன்மேல் கைபேசியை வைத்து, நனையாமல் ஒரு வாழை இலையால் மூடி, நாலடி பின்னால் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிரிஸ்கா எடுத்துப் போனாள்.

கைபேசி ஆப்பில் திறக்கவில்லை. அவர் அந்த மாதம் தேடியவற்றின் பட்டியலில் திறந்தது. தெயோபிஸ்தா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பல் கிட்டிக்கக் கிட்டிக்க, மேலிருந்து கீழே வாசித்தாள். மூன்றாம் நிலை எத்தனை வருடம். அவகாடோ கொட்டை இடிப்பது எப்படி. மாமியார் நடுக்கத்துக்கு மாப்பிள்ளை காரணமா. நல்ல மரவுரி என்ன விலை.

மாமியார் செத்தால் போர்த்த மரவுரி கொண்டுவர வேண்டியவர் மாப்பிள்ளை. அது மட்டமாக இருந்தால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். முன்கூட்டியே விசாரித்து வைப்பதில் தப்பில்லை. ஆனால் ஆறு தடவை மருந்து ஏற்றினால் சரியாகும் என்று மட்டுமே தெயோபிஸ்தாவிடம் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நிலைக்கு எத்தனை வருடம் என்று ஒரு கேள்வி இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்றாள். "மரவுரி வாங்குறதுன்னா ஒட்டுப்போடாததா பார்த்து வாங்கட்டும். ஆனா இந்த வாரம் வேண்டாம்."

பிரிஸ்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழுகையெல்லாம் அப்புறம் வெச்சுக்க. அந்த ஆப் எங்க இருக்கு, காட்டு."

அவளே முதலிலிருந்து பதில் சொன்னாள். வயது அறுபத்தொன்று. கர்ப்பமா என்ற கேள்விக்கு, "கடவுளே, இதையா அவர்கிட்ட கேட்டுச்சு?" என்று காய்ச்சலிலும் ஒரு சிரிப்புச் சிரித்தாள். வயிற்றுப்போக்கு, ஆம், நேற்றிலிருந்து. புற்றுநோய்ச் சிகிச்சை, ஆம். படம் வந்தது. இடது மார்பைத் தொட்டாள். விரல் நடுங்கி முதல் தடவை தோளில் பட்டது. திரும்பத் தொட்டாள். எப்போது மருந்து ஏற்றினீர்கள்? ஒன்பது நாள்.

இந்தத் தடவை பட்டை சிவப்பு. மலேரியா என்ற பேச்சே இல்லை. இப்போதே மருத்துவமனைக்குச் செல்லவும். வீட்டில் மருந்து எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

"பிரிஸ்கா, வண்டி எடுக்கச் சொல்லு. என் துணியை எடு. மாத்திரைக்காரன் கடைக்குப் போக வேண்டாம்."

மசாக்கா சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை எப்படி இருக்கும் என்று அந்தச் சாலையில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கசோசி ஓட்டினார். பின்னால் தெயோபிஸ்தா, பிரிஸ்காவின் மடியில் தலை வைத்து. பின்னால் பார்க்கும் கண்ணாடியை மரியாதைக்காக மேலே திருப்பிவிட்டிருந்தார் மனிதர்; எதிரே வருகிற லாரிகள் மட்டுமே அவருக்குத் தெரிந்தன. நதேத்தே தாண்டும்போது வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. பின்னாலிருந்து பேச்சில்லை. முனகலும் நின்றுவிட்டது.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, முன்னாலேயே பார்த்துக்கொண்டு, கசோசி நேராகக் கேட்டார்.

"அத்தை. எப்படி இருக்கு?"

நல்ல கேள்வி. எந்த ஆப்பும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"குளிருது, மாப்பிள்ளை" என்றாள் தெயோபிஸ்தா. "அந்த மண் பாதையில திருப்புங்க. குழியைப் பாக்காதீங்க."

அவர் கை நடுங்கியது. முறை தவறியதால் வந்த நடுக்கமா, பயத்தில் வந்ததா என்று யார் கண்டார்கள்? திருப்பினார்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் நோட்டைத் திறந்து, "என்ன செய்யுது?" என்றாள். கசோசி தொண்டையைச் செருமினார். வெள்ளை அணு என்றால் என்ன என்று வரும் வழியில் சாலை நெரிசலில் நின்றபோது படித்திருந்தார்.

"அதாவது சிஸ்டர், இந்த அணுக்கள் இருக்கே..."

"காய்ச்சல் உங்களுக்கா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பெஞ்சுல உட்காருங்க." சிஸ்டர் கட்டில் பக்கம் குனிந்தாள். "நீங்க சொல்லுங்கம்மா."

தெயோபிஸ்தா நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். ஐந்தாவது வாக்கியத்துக்குள் ஊசி ஏறிவிட்டது. ஏழு நாள் படுத்திருந்தாள். மூன்றாம் நாள்வரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. சர்க்கரை போட்ட தேநீர் கேட்டாள். அன்று சாயங்காலம் மருத்துவரை நிறுத்தி, மூன்றாம் நிலை என்றால் என்ன, தனக்கு எவ்வளவு காலம், எதைச் செய்தால் அது நீளும், எதைச் செய்தாலும் நீளாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலைத் தன் கையால் எழுதி வைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை மருந்து ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. ஆனாலும் ஏற்றிவிட்டார்கள்.

கசோசி? அவர் இப்போது அந்த வார்டில் பெரிய மனிதர். காய்ச்சல் வந்த அன்று தாம் மட்டும் சரியான நேரத்தில் ஆப்பைத் திறந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். தெயோபிஸ்தா மறுப்பதில்லை. வண்டி ஓட்டினார் அல்லவா?

நீங்கள் கசோசி இல்லை. ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு யாரையும் தொடத் தடையில்லை, யாரோடும் பேசத் தடையில்லை, நடுவில் முற்றம்கூட இல்லை. ஆனாலும் போன மாதம் உங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று கூடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடினீர்களே, அப்போது அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று நினைத்தீர்கள்.

அவர் தூங்கவில்லை. யாராவது வந்து கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.